மகளை வகுப்பிலிருந்து எழுப்பாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். ஊரிலுள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சிறப்புப் பயிற்றுநர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறார், அதுவும் ஒரு மணி நேரம். மற்ற நாட்களில் அவனுக்குச் சொல்லித்தர ஆளில்லை. அடம்பிடித்தால், அங்கேயே ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் கூப்பிடுகிறார்கள். அவள் போனால் அடங்கிவிடுவான், அதனால் பெரிய தொந்தரவு இல்லை. கணவருக்கு வெளியூர் வேலை. அந்த டீச்சர் மேல் புகார் எழுதவா? இல்லை, மகனை நிறுத்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளவா?
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

'பெரிய தொந்தரவு இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு இல்லை? தலைமையாசிரியருக்கு இல்லை, வகுப்பாசிரியருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. கணக்குப் பாடத்தின் நடுவில் எழுந்து, மொத்த வகுப்பும் பார்க்க வெளியே போகிற அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா? வாரத்துக்கு எத்தனை முறை போகிறாள்? திரும்பி வரும்போது எந்தப் பாடம் முடிந்துபோயிருக்கிறது? தம்பி டிராயரை நனைத்துக்கொண்டால் மாற்றிவிடுவதும் அவள்தானா? நான்கு பக்கக் கடிதத்தில் மகளுக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி.

இந்தத் துயரத்தோடு எனக்கு வரும் கடிதங்கள் பலவற்றில் ஓர் அக்காவோ தங்கையோ இருக்கிறாள். அண்ணனை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள் என்று எழுதியவர் யாருமில்லை. பெண்பிள்ளை என்றால் பார்த்துக்கொள்வாள் என்று வீடும் நினைக்கிறது, பள்ளியும் நினைக்கிறது. தம்பி மேல் பாசம் அவளுக்கு இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவனை வளர்க்கும் கடமை பெற்ற உங்கள் இருவருடையது, கற்பிக்கும் கடமை அரசுடையது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் இந்த இரண்டையும் ஏற்றிவைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த டீச்சர் மேல் புகார் எழுதாதீர்கள். அவர் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர். ஒன்றியத்தில் பல பள்ளிகள் அவர் பொறுப்பு. பள்ளிக்கு வர முடியாமல் படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் அவர்தான் போக வேண்டும். மருத்துவ முகாம், அடையாள அட்டை, எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று மற்ற வேலைகளும் உண்டு. இத்தனைக்கும் நிரந்தர வேலையில்லை, தொகுப்பூதியம்தான். இப்படி ஒருவர் உங்கள் மகனுக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்?

கோபப்பட வேண்டிய இடம் வேறு. இவரைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தொடக்க நிலையில் சிறப்புக் குழந்தைகள் 10 பேருக்கு ஓர் ஆசிரியர், அடுத்த நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022 செப்டம்பரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் மாநிலங்கள் அசையாததால், பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களை நியமிக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில்தான் உங்கள் மகள் சம்பளமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் நிற்கிறவரை அங்கே ஆள் இல்லை என்பது யார் கண்ணிலும் படாது.

மகனை நிறுத்தும் பேச்சே வேண்டாம். வீட்டில் வைத்தால் பகலில் யார் பார்ப்பது? நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் மறுபடியும் அவள்தான், இந்த முறை முழு நாளும். அதோடு வீட்டுவழிப் பயிற்சி, நடமாட முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு நடந்து போகிறவனை அந்தப் பட்டியலில் சேர்த்தால், இப்போது கிடைக்கிற செவ்வாய்க்கிழமையும் போய்விடும். பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்: 'பாடவேளையில் என் மகளை வகுப்பிலிருந்து அழைக்கக் கூடாது.' வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

அடுத்த செவ்வாய் நீங்களும் பள்ளியில் இருங்கள். பயிற்றுநர், வகுப்பாசிரியர், நீங்கள் மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும். அவன் எப்போது அடம்பிடிக்கிறான், சத்தத்தாலா, பசியாலா, எழுதச் சொல்லும்போதா? எதைக் கொடுத்தால் அமைதியாகிறான்? உங்கள் மகளுக்குத் தெரிந்த இந்த விவரங்கள் வகுப்பாசிரியருக்கும் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் மீதி நான்கு நாளும் அவன் அவருடைய மாணவன். அவனுக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்று எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலைப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். அடுத்த கூட்டத்தில் கூடுதல் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும் என்று தீர்மானம் போட வையுங்கள். அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒன்றியத்தில் இதே நிலையில் இருக்கும் மற்ற தாய்மார்களையும் அந்த டீச்சருக்குத் தெரியும். கேட்டு, அவர்களோடு சேர்ந்து போங்கள்.

மனு கொடுக்கப் போகும் நாளில் உங்கள் கணவர் லீவு போட்டுவிட்டு வரட்டும். வெளியூர் வேலை ஒரு காரணமாகாது. தம்பிக்காக அந்தப் பெண் எத்தனையோ வகுப்புகளை விட்டிருக்கிறாள், அப்பா ஒருநாள் கூலியை விடலாம்.