தெருவில் நாய்களுக்குப் பார்வோ பரவும்போது வீட்டுக் குட்டியைக் காப்பது எப்படி?

குட்டியை வெளியே விடாமல் வைத்திருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்காட்டில் எங்கள் பக்கத்துக் குட்டிகள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த சமயத்தில், வாசற்படி தாண்டியிராத எங்கள் பத்து வாரக் குட்டிக்கும் பார்வோ என்ற அந்த வைரஸ் நோய் கண்டது. நோயுற்ற பக்கத்து வீட்டுக் குட்டியைப் பார்த்துவிட்டு வந்த என் செருப்பின் மீதுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நோயுற்ற நாயின் மலத்தில் ஏராளமாக வெளியேறும் இந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஓராண்டுக்கு மேலும் அழியாமல் கிடக்கும். சேலத்து வெயில் காயும் முற்றத்தைவிட, சில்வர் ஓக் நிழலில் ஈரம் உலராத எங்கள் காப்பித் தோட்டத்து மண் அதற்கு எவ்வளவோ வசதி. எனவே வெளியே போட்டு நடந்த செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். தெருநாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குட்டியைத் தூக்காதீர்கள். சானிடைசரை நம்ப வேண்டாம். ஆல்கஹால் சிதைக்கக்கூடிய கொழுப்புறை இந்த வைரஸுக்கு இல்லை. தரையை முதலில் அழுக்குப் போகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையில் இது பெரிதாகப் பலிக்காது.

எங்கள் குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டிருந்தோம். அதையே பாதுகாப்பு என்று நினைத்தது என் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும். அது குறையும் வாரம் குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

குட்டி உண்ணாமல் சுருண்டு படுத்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மற்ற நாய்களோடு காத்திருக்க வைக்காதிருக்க, முன்னதாகப் போனில் சொல்லிவிடுங்கள். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்தென்று எளிதில் கிடைப்பது ஒன்றுமில்லை. நீரிழப்பால் சாகாமல் காப்பது சலைன்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு ஐந்து நாள் தொடர்ந்து கொண்டுசென்றதில் எங்கள் குட்டி பிழைத்தது. பக்கத்து வீட்டுக் குட்டி பிழைக்கவில்லை. அடுத்த மாதமே அவர்கள் அதே மூலையில் கட்டிவைக்க வேறொரு குட்டியைக் கொண்டுவர முனைந்தபோது, ஊசிகள் முழுவதும் முடிந்த நாயாகப் பாருங்கள் என்று நானே போய்த் தடுத்தேன்.