மெல்லிய லெப்டொப் வாங்கேக்க பற்றரியைப் பாக்கிறதா, ஸ்கிரீனைப் பாக்கிறதா?

ரெண்டிலயும் காசை விட்டவன் நான், அதால இந்தக் கேள்வியைப் பாத்திட்டுச் சும்மா போக ஏலாமக் கிடக்கு.

நீங்கள் கேட்ட விதத்தைப் பாத்தா கம்பஸ் போற ஆள் போல, கோணேசபுரியில படிக்கிறீங்களோ தெரியாது, பையில போட்டுக்கொண்டு பஸ்ஸில ஏறி இறங்கப் பாரமில்லாத ஒண்டு வேணும், காசும் அளவாத்தான் இருக்கும். என்ட முடிவை முதலே சொல்லிப்போடுறன்: ஸ்கிரீனைப் பாருங்கோ. பற்றரி காணாட்டி பிறகு ஏதோ ஒரு வழி பண்ணலாம், ஸ்கிரீன் கூடாட்டி அந்த மெஷின் சாகுமட்டும் அதோடதான் மாரடிக்கோணும்.

நான் திருகோணமலையில கலியாண வீட்டுப் போட்டோ எடுக்கிறன், அல்பமும் நானேதான் டிசைன் பண்ணுறது. 2021ல முதல் மெல்லிய லெப்டொப் வாங்கேக்க பற்றரி ஒண்டை மட்டும்தான் பாத்தன். அடுத்த வருசம் கரண்ட் வெட்டு வந்திச்சே, 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் எண்டெல்லாம் அறிவிச்சாங்கள், அப்ப நான் ராசா. எங்கட ஒழுங்கையில எல்லாரும் விசிறியோட வாசல்ல இருக்க நான் உள்ளுக்க இருந்து அல்பம் அடுக்கினன், பக்கத்து வீட்டு மாமி போனைக் கொண்டுவந்து என்ட லெப்டொப்பில கொளுவிச் சார்ஜ் போட்டிட்டுப் போவா. பற்றரி எடுத்தது எவ்வளவு புத்தி எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

பிறகு ஒரு கலியாணம். பொம்பிளைக்கு நல்ல அரக்குக் கலர் கூறை. என்ட ஸ்கிரீன்ல அது வெளிறிப்போய், ஏதோ செங்கல் தூள் மாதிரி ஒரு நிறத்தில தெரிஞ்சது. நான் என்ன நினைச்சன், மண்டபத்து லைட்டால போட்டோதான் வெளிறிப்போச்சு எண்டு நினைச்சு பக்கம் பக்கமாச் சிவப்பைக் கூட்டினன், கிட்டத்தட்ட 40 பக்கம். கொழும்பில பிரிண்ட் பண்ணி நைட் பஸ்ஸில அல்பம் வந்து இறங்கினதும் பிரிச்சுப் பாத்தா கூறை நெருப்பு மாதிரி எரியுது, மாப்பிள்ளைட முகம் காய்ச்சல்காரன் மாதிரிச் சிவந்து கிடக்கு, ஐயர் போட்ட சந்தனம்கூட குங்குமம் மாதிரி. பொம்பிளைட அம்மா சத்தம் போடல்ல. ஒரு பக்கத்தைத் தடவிப் பாத்திட்டு "தம்பி, இது என்ட பிள்ளைட கூறை இல்லையே" எண்டா, அவ்வளவுதான். என்ட கைக்காசில திருப்பி அடிச்சுக் குடுத்தன்.

அதுக்குப் பிறகுதான் லெப்டொப் பெட்டியில இருந்த தாளை எடுத்து வாசிச்சன். 250 நிட்ஸ், அது ஸ்கிரீன்ட வெளிச்சம்; 45% என்டிஎஸ்சி, அது எவ்வளவு நிறம் காட்டும் எண்ட அளவு. இந்த 45 எண்ட இலக்கத்தைக் கண்டா அந்தப் பக்கமே போகாதீங்கோ. சாதாரணமா நாங்கள் போட்டோ பாக்கிற எஸ்ஆர்ஜிபி நிறங்களில மூண்டில ரெண்டு பங்குக்குக் கிட்டத்தான் அது காட்டும், மிச்சம் எல்லாம் வெளிறும், அதிலயும் முதல் அடிபடுறது சிவப்பு. 250 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குள்ள காணும், உப்புவெளிக் கடற்கரையில ஆருக்கும் போட்டோ காட்ட வெளிக்கிட்டா அதில தெரியிறது உங்கட முகம்தான்.

கோவத்தில அடுத்தது ஓலெட் ஸ்கிரீனோட வாங்கினன், 14 இஞ்ச், 2.8கே எண்ட கூர்மையான படம். சத்தியமா வடிவு. அரக்கு அரக்காவே தெரியும். ஆனா பற்றரி? கொழும்பு நைட் மெயில் ரெயின்ல ஏறி அல்பம் முடிப்பம் எண்டு திறந்தன், பாதி வழி, மாகோச் சந்தி வரமுதல் மூடிட்டுது. நான் இருந்த பெட்டியில பிளக்கும் இல்ல. ஓலெட்டில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியிறது, அதால கறுப்புப் பக்கம் கரண்ட் குடிக்காது, வெள்ளைப் பக்கம் நல்லாக் குடிக்கும். வேர்ட்ல அசைன்மென்ட் அடிக்கிற ஆளுக்கு முழுநாளும் வெள்ளைப் பக்கம்தான், அதை யோசியுங்கோ. டார்க் மோட் போட்டு, ஸ்கிரீன் செக்கனுக்கு எத்தினை தரம் படம் மாத்துது எண்ட 120 ஹேர்ட்ஸை 60க்கு இறக்கினாக் கொஞ்சம் தப்பலாம். வெளிச்சத்தைக் குறைச்சா சில ஓலெட் ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியாம மினுங்கும், சில ஆக்களுக்குத் தலையிடி வரும், எனக்கு வரல்ல.

கடைக்காரர் "பத்து மணித்தியாலம் நிக்கும்" எண்டா கணக்கெடுக்காதீங்கோ, வெளிச்சத்தைக் குறைச்சு வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்காத்தான் இருக்கும். பற்றரி எவ்வளவு பிடிக்கும் எண்ட அளவு, வாட் அவர், அது எத்தினை எண்டு கேளுங்கோ. 50 வாட் அவர் பற்றரி, உங்கட வேலைக்கு 10 வாட் இழுத்தா 5 மணித்தியாலம், 6 வாட் இழுத்தா 8 தாண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஸ்கிரீன் எண்டு நான் நிக்கிறதுக்குக் காரணம் பவர் பேங்க். அதில 20,000 எம்ஏஎச் (mAh) எண்டு போட்டிருந்தா அது 20 அம்பியர் அவர், உள்ளுக்க இருக்கிற செல்லின்ட 3.7 வோல்ட்டால பெருக்க 74 வாட் அவர், வழியில வீணாப்போறதைக் கழிச்சாலும் 50 வாட் அவர் லெப்டொப்பை ஒருக்கா நிரப்பிப்போடும். ஆனா லெப்டொப் டைப் சியில சார்ஜ் ஏறுறதா இருக்கோணும், பவர் பேங்கும் 65 வாட் PD, அதாவது பவர் டெலிவரி, குடுக்கோணும். உருண்டைப் பின் சார்ஜர் மட்டும்தான் எண்டா நான் சொன்னதெல்லாம் சரிவராது, அப்ப பற்றரியையே பாருங்கோ.

இப்ப ஆராவது வந்து "மக்புக் எயார் வாங்கினா ரெண்டும் கிடைக்கும்" எண்டு எழுதுவீங்கள். மெய்தான், நான் இல்ல எண்டு சொல்லல்ல. காசை நீங்கள் போட்டு விடுங்கோ, நாளைக்கே வாங்குறன். பவர் பேங்க் பாரம், பிறகென்ன மெல்லிய லெப்டொப் எண்டும் கேப்பீங்கள். அரைக் கிலோ கூட வரும், கமராப் பை தூக்கிற எனக்கு அது ஒரு பாரமா?

காசு எண்டதும் ஞாபகம் வருது. கலியாணத்துக்கு மூண்டு லட்சத்துக்குச் சோடினை போடுவாங்கள், போட்டோக்காரனுக்கு மிச்சக் காசு கேட்டா "அல்பம் வரட்டும் தம்பி". அல்பம் வந்தா "மாப்பிள்ளை வெளிநாட்டால வரட்டும்". நடுவில "எல்லாப் படத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தாங்கோவன்" எண்டு ஒரு மச்சான் வருவார். பென் டிரைவும் என்டதுதான். இதை ஆரிட்டச் சொல்லுற?

சரி, உங்கட விசயம். 300 நிட்ஸுக்குக் குறையாம, எஸ்ஆர்ஜிபி 100% எண்டு போட்டிருக்கிற ஐபிஎஸ் வகை ஸ்கிரீன் ஒண்டு பாருங்கோ, படிக்கிற பிள்ளைக்கு ஓலெட் தேவையில்லை. கடைக்குப் போகேக்க உங்களுக்கு நிறம் நல்லாத் தெரிஞ்ச ஒரு படத்தை, அம்மாட சீலை எண்டாலும் காணும், பென் டிரைவ்ல கொண்டுபோய் நீங்கள் பாக்கிற ரெண்டு மெஷினிலயும் திறந்து பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. முடிஞ்சா அந்தச் சீலையையும் கொண்டுபோங்கோ, கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பாத்தாப் பாக்கட்டும். நம்பாட்டி எங்கட வீட்டுக்கு வாங்கோ, அந்த நெருப்புக் கூறை அல்பம் இன்னும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு.