யாருடைய விரல்?

எனக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை, வந்தது 1988-ல், ஒன்பது வயதில். நான் டாக்டர் இல்லை, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். அதனால் எத்தனை யூனிட் போடலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

அக்கா, என் மகனுக்கு 13 வயது. டைப் 1 வந்து நான்கு வருஷம் ஆகிறது. போனோடு இணையும் மீட்டர் வைத்திருக்கிறோம். அவன் டெஸ்ட் செய்தால் ஆபீஸில் இருக்கும் என் போனில் எண் வந்துவிடும். காலையில் நான் எடுத்தால் 200-க்குக் குறைவதில்லை. பள்ளி விட்டு வந்து அவனே எடுத்தால் 94, 101, 98. முன்பெல்லாம் மாலையில் 280 கூட வரும். உடனே போன் போட்டு 'என்னத்தடா தின்னே?' என்று கத்துவேன். மூன்று மாதமாக அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எச்பிஏ1சி 9.8 வந்திருக்கிறது. மீட்டர் மாலையில் மட்டும் தப்பாகக் காட்டுமா? அந்த நேரத்தில் வீட்டில் மாமியார்தான் இருப்பார். 72 வயதிலும் அவருக்குச் சர்க்கரை கிடையாது, கருப்பட்டிக் காபிதான் குடிப்பார்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

மீட்டருக்குக் காலை எது, மாலை எது என்று தெரியாது தங்கச்சி. எச்பிஏ1சி 9.8 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுமார் 235. மீட்டர்களுக்கான உலகத் தரவிதி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி 235 இருப்பவனுக்கு 200 காட்டலாம், 270 காட்டலாம். தினமும் 98 காட்டாது. ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருந்தால் காலையிலும் கெட்டதாகத்தானே இருக்கும்? விளையாடிவிட்டு வந்தால் சர்க்கரை இறங்கும், உண்மைதான். ஆனால் டைப் 1 உடம்பு இப்படி வரிசையில் நிற்காது. ஒருநாள் 70, மறுநாள் 240 என்று ஆடும். 94, 101, 98 எல்லாம் சர்க்கரை இல்லாதவர்களின் ரத்தம். கருப்பட்டிக் காபி குடிக்கிறவர்களின் ரத்தம் என்றும் சொல்லலாம்.

சிரிப்பு வந்தாலும் அவனைக் கூப்பிட்டு விசாரணை வைக்காதீர்கள். பாட்டியையும் விட்டுவிடுங்கள், பேரன் திட்டு வாங்கக் கூடாதென்று விரலை நீட்டியிருப்பார். இதே வேலையை நானும் செய்தவள்தான். எங்கள் வீட்டில் அப்போது மீட்டர் கிடையாது. சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அம்மாவின் முகமும் அதே நிறத்துக்கு வரும். பதினோரு வயதில் ஒருநாள் குழாயில் குழாய்த் தண்ணீரை விட்டேன். அழகான நீலம்! அம்மா பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை பேசினார். நீலம் பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு, வாயில் பழ வாடை. இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னது முப்பது வயதில்.

அதனால் முதலில் டாக்டரிடம் 'மாலை எண்களை நம்பாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். அந்த கிராஃபைப் பார்த்து அவர் இன்சுலினை மாற்றினால் ஆபத்து. மகனும் அந்தப் பொய் எண்ணை வைத்துத்தான் மாலை டோஸைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருப்பான். அப்புறம் அவனிடம் ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: 280 வந்தாலும் அம்மாவிடமிருந்து போன் வராது. 70-க்குக் கீழே போனால் மட்டும் வரும். அதுவும் திட்ட அல்ல, பாட்டி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாரா, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தானா என்று கேட்க. 250-க்கு மேல் நின்று, வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் அவனே உங்களைக் கூப்பிட வேண்டும். கீட்டோன் பார்த்து உடனே டாக்டரிடம் பேசுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மணியடிக்கும் அறிவிப்பை இன்றே அணைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து வாரத்தைப் பார்த்தால் போதும். முதல் வாரம் எண்கள் பயங்கரமாக இருக்கும். வாயைத் திறக்காதீர்கள்.

பலாச்சுளை உரித்துக்கொண்டே டெஸ்ட் செய்தேன், 318! ஒரு சுளைகூடத் தின்னவில்லை, சத்தியமாக.
- ஒரு வாசகி, பண்ருட்டி

நம்புகிறேன். தின்றது விரல். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். சானிடைசரை நம்ப வேண்டாம், பழத்தின் சர்க்கரை அதில் முழுசாகப் போகாது. 318-க்கு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கையில் 14 நாள் சென்சார் ஒட்டியிருக்கிறேன். போன் 121 காட்டும்போது விரலில் 84. நேற்று நள்ளிரவில் '52' என்று அலறியது. எழுந்து குளுக்கோஸ் குடித்துவிட்டு விரலில் பார்த்தால் 148. எதை நம்புவது?
- ஒரு வாசகர், கோவை

சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை தம்பி. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரைப் பார்க்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகும். வேகமாக இறங்கும்போது சென்சார் பின்தங்கும். 121-க்குப் பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு இருந்ததா? எண்ணைவிட அம்பைப் பாருங்கள். உடம்பு ஒன்று சொல்லி, போன் வேறொன்று சொன்னால் விரலைக் குத்துங்கள்.

நள்ளிரவு 52-க்கு, அந்தக் கைமேல் படுத்திருந்தீர்களா? அந்த இடம் அமுங்கினால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அலறியதும் எழுந்தீர்களே, அது சரிதான். முடிந்தால் விரலில் பார்த்துவிட்டுக் குடியுங்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் முதலில் குடியுங்கள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. நோட்டில் எழுதினால் போதாதா? இந்த போன் அவசியமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் நோட்டுக்காரர்தான். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க இன்ஜினியர். டைப் 1 இருந்தவர். 1969-ல் ரத்தச் சர்க்கரை மீட்டரை டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் விற்றார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விலை 650 டாலர். மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, தினமும் பலமுறை பார்த்து எழுதினார். பின்னால் தாமே மருத்துவம் படித்து டாக்டர் ஆனார்.

நோட்டு போதும். ஆனால் 'இட்லி நாலு, ஊசி சாப்பிட்டபின் போட்டேன்' என்று காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் பயன். ஆப்பிலும் அதற்கு இடம் உண்டு, யாரும் நிரப்புவதில்லை. போனின் லாபம், எண்ணோடு நேரமும் தானாகப் பதிவது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பேட்டரி மாற்றியபோது என் மீட்டரில் காலை, மாலை புரண்டுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த 240, நள்ளிரவு இரண்டு மணி என்று பதிவாகி, டாக்டர் இரவு ஊசியைக் கூட்டப் பேனாவை எடுத்துவிட்டார். பேத்தியின் மீட்டரில் இப்போது மணி என்ன காட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.