வாசகர் கேள்வி - பதில்: வண்டி வராத குளிர்காலம்

கேள்வி: அமெரிக்க சுதந்திரப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீரர்கள் வேலி ஃபோர்ஜ் முகாமில் வெறுங்காலோடு பனியில் கிடந்தார்களாமே! போருக்கு ஆள் எடுப்பவர்கள் ஒரு ஜோடிக் காலணிகூடவா கொடுக்க மாட்டார்கள்? (வாசகி, தேனி)

பதில்: கொடுத்தார்கள், அம்மா. தேய்ந்த பிறகு மாற்றுத்தான் வரவில்லை. 1777 டிசம்பர் 19 அன்று அங்கே வந்து இறங்கியது, மாதக்கணக்கில் நடந்தே ஓய்ந்த படை. இடது, வலது என்ற பேதமில்லாமல் தைத்த அந்தக் காலத்துக் காலணி எத்தனை காதம் தாங்கும்? பதினேழு வயதுச் சிப்பாய் ஜோசப் பிளம்ப் மார்ட்டின், முகாமுக்கு வருமுன்பே, பதப்படுத்தாத மாட்டுத்தோல் துண்டு ஒன்றைத் தேடிப்பிடித்துத் தானே காலணி போலத் தைத்துக்கொண்டான். உறைந்த தரையிலிருந்து பாதம் தப்பியது. ஆனால் தோலின் விளிம்பு விறைத்துக் கணுக்காலை அறுத்துவிட்டது. அதுவும் கிடைக்காதவர்கள் நடந்த வழியில் ரத்தத் தடம் பதிந்ததாம்.

டிசம்பர் 23 அன்று வாஷிங்டன், போரை நடத்திய அமெரிக்கப் பேரவையான காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார். காலணியும் உடையும் இல்லாததால் 2,898 பேர் பணிக்கு உதவாமல் இருக்கிறார்கள் என்று கணக்கே கொடுத்தார். போர்வை இல்லாதவர்கள் விடிய விடிய நெருப்பருகே உட்கார்ந்திருந்ததையும் சொன்னார்.

பழியைப் பனியின் மேல் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஆண்டு கழித்து மாரிஸ்டவுன் முகாமில் வந்த குளிர் இதைவிடக் கொடியது. வேலி ஃபோர்ஜில் வாட்டியது நிர்வாகம். தளவாடப் பொறுப்பிலிருந்த தாமஸ் மிஃப்லின் பதவி விலகிவிட்டார். 1778 மார்ச்சில் நத்தானியேல் கிரீன் வரும்வரை அந்த நாற்காலி காலி. காலணியும் காலுறையும் துணியும் பீப்பாய் பீப்பாயாக வழியோரக் காடுகளில் கிடந்து வீணாயின. ஏற்றி வர வண்டி இல்லை. வண்டி கிடைத்தால் வண்டிக்காரருக்குக் கூலி இல்லை.

கேள்வி: இரவுக் காவல் நிற்பவர் என்ன உடுத்தினார்? (வாசகர், திருப்பூர்)

பதில்: பனியன் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! லினன் சட்டை, அதன்மேல் கையில்லாத உள்கோட்டு, முழங்கால்வரை காற்சட்டை, நீளக் காலுறை, கம்பளிச் சீருடைக் கோட்டு. அந்தக் கோட்டு முன்பக்கம் ஒதுக்கி வெட்டியது. அணிவகுப்புக்கு அழகு, வாடைக்காற்றுக்கு வாசல். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனத்த மேல்கோட்டு ஆளுக்கொன்று கிடையாது. காவலுக்குப் போகிறவர் போட்டுக்கொள்வார். முறை மாறும்போது அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுப்பார்.

கேள்வி: எதிரி முகாமிலும் இதே கதிதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. பிரிட்டிஷார் பிலடெல்பியா நகரத்து வீடுகளில் கணப்பருகே இருந்தார்கள்.

கேள்வி: பொதுமக்கள் உதவவில்லையா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: 1780-இல் பிலடெல்பியாப் பெண்கள் எஸ்தர் ரீட் தலைமையில் வீடு வீடாகப் போய் 3,00,000 டாலருக்குமேல் திரட்டினார்கள். மயங்க வேண்டாம், மதிப்பிழந்த காகித டாலர் அது. வீரர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு டாலர் நாணயமாகக் கொடுக்க அவர் விரும்பினார். வாஷிங்டன் மறுத்தார்: காசு சாராயத்துக்குப் போகும், சட்டையாகக் கொடுங்கள் என்றார். ரீட் அந்த ஆண்டே இறந்துவிட, பெஞ்சமின் ஃபிராங்ளினின் மகள் சாரா பேச் வேலையை முடித்தார். 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகள். ஒவ்வொன்றிலும் தைத்த பெண்ணின் பெயர். தளபதி சொன்னது நியாயமே என்றாலும், அந்த இரண்டு டாலரைப் பற்றிக் கேட்டிருந்தால் சிப்பாய் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பான்.