சிமுலேட்டரில் பழகிய டாக்டரை நம்பி ரோபோ ஆபரேஷனுக்குப் போகலாமா?

கேள்வி இது: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ரோபோ மூலம் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். இதையெல்லாம் வீடியோ கேம் மாதிரி சிமுலேட்டரில் விளையாடித்தான் கற்றுக்கொள்கிறார்களாமே, நம்பலாமா?

நான் வயிற்று ஆபரேஷன் செய்கிறவன், புராஸ்டேட் என் பக்கம் வராது. ஆனால் கை பழகும் வழி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பி.ஜி. படித்தபோது முதல் வருடம் முழுக்க லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு ஓட்டைகள் போட்டு, உள்ளே விட்ட கேமராவின் படத்தைப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன்) எனக்குக் கிடைத்த வேலை கேமரா பிடிப்பது. படம் கொஞ்சம் சாய்ந்தால் சீஃப் திட்டுவார். கருவியைத் தொட முடியாது. அதனால் ஹாஸ்டல் அறையில் ஒரு பெட்டி செய்தேன். பாத்திரக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா, மூடியில் இரண்டு ஓட்டை, உள்ளே பழைய வெப்கேம், ஒரு எல்.ஈ.டி. பல்பு. தியேட்டரில் தேய்ந்துபோய்க் கழித்த கருவிகளை சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கினேன். பலகையில் ஆணி அடித்து, சைக்கிள் வால்டியூபை ஆறு துண்டாக நறுக்கி மாட்டினேன். ஒரு துண்டை இடது கைக் கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே வலது கைக்கு மாற்றி, வேறு ஆணியில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்ததும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். லேப்ராஸ்கோபிக் கருவி தோணித் துடுப்பு மாதிரி. வயிற்றில் போட்ட ஓட்டைதான் அதற்கு அச்சு. கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். முதல் நாள் எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. அமெரிக்காவில் எஃப்.எல்.எஸ். என்று லேப்ராஸ்கோபியின் அடிப்படைத் திறனைச் சோதிக்கும் ஒரு தேர்வு 2004-இல் வந்தது. அதில் இதே வேலைக்கு உச்ச வரம்பு 300 விநாடி. அந்தத் தேர்வில் தேறினால்தான் பொது அறுவை சிகிச்சை நிபுணர் என்ற சான்றிதழ் என்று அங்கே பல ஆண்டுகள் விதி இருந்தது. ஒரு மாதம் கழித்து அந்த வரம்புக்குள் வந்தேன். அப்புறம் கறிக்கடைக் கோழிக்காலைப் பெட்டிக்குள் வைத்துத் தோலில் தையல் பழகினேன். அந்தக் கால்களைச் சமைத்துத் தர மெஸ் மாஸ்டர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இப்படி விளையாடினால் நிஜ ஆபரேஷனில் பலன் உண்டா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மிஸ்ட்-விஆர் என்ற சிமுலேட்டர் மெஷினில் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் நிஜ நோயாளிகளுக்குப் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மெஷினில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ மின்கருவியால் வேறு இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த மெஷினின் திரையில் கல்லீரலும் கிடையாது, ரத்தமும் கிடையாது. வெறும் உருண்டையும் கட்டமும்தான். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

சரி, ரோபோவுக்கு வருவோம். கை வேலையைப் பொறுத்தவரை லேப்ராஸ்கோபியை விட இது சுலபம். துடுப்புக் குழப்பம் இல்லை, கை போகும் பக்கமே முனையும் போகும். மணிக்கட்டு மாதிரி வளையும். கை நடுக்கத்தை மெஷினே வடிகட்டிவிடும். டாக்டர் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் மேசைதான் கன்சோல். அதோடு சேர்ந்த சிமுலேட்டரில் வளைந்த கம்பி வழியே வளையத்தை நகர்த்தும் பயிற்சி ஒன்று. முதல் தடவையே வேகமாக முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதிப்பெண் பலகையில் ஒரு கட்டம் சிவப்பு. கருவி பார்வைக்கு வெளியே போன நேரம். கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் இடது கைக் கருவி திரைக்கு வெளியே எங்கோ உலாவியிருக்கிறது. நிஜ வயிறாக இருந்தால் அந்த ‘எங்கோ’ குடலாக இருந்திருக்கலாம். பக்கத்தில் நிற்கும் சீஃப்புக்கும் இது தெரியாது, அவரும் அதே திரையைத்தானே பார்க்கிறார்.

நான் பழகிய மாடலில் தொடு உணர்வு கிடையாது. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பது விரலுக்குத் தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதலில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற ரோபோ மாடலில் இழுவிசையைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் வந்திருக்கின்றன.

சிமுலேட்டர் கற்றுத்தராத ஒன்றும் இருக்கிறது. ரோபோ ஆபரேஷனில் டாக்டர் நோயாளி பக்கத்தில் நிற்பதில்லை. சில அடி தள்ளி, கையுறைகூட இல்லாமல் கன்சோலில் உட்கார்ந்திருப்பார். பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, உள்ளிருந்து அடக்க முடியாமல் போனால், ரோபோவைக் கழற்றி நகர்த்திவிட்டு வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதைத் தொடங்குவது டேபிள் பக்கம் நிற்கும் உதவி டாக்டரும் சிஸ்டரும்தான்.

நான் இருந்த ஓர் இடத்தில் ஒரு மாலை இதை ஒத்திகை பார்த்தோம். டேபிளில் பொம்மை உடல். ஒருவர் “பிளீடிங்!” என்று கத்தினார். ஒரு கருவியை மட்டும் ரத்தம் வரும் இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மற்றவற்றை உருவி, ரோபோவின் கைகளைக் கழற்ற வேண்டும். அதெல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் வயிற்றைத் திறக்கும் கருவித் தட்டைக் கேட்டால், அது அடுத்த அறை அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. சாவி யாரிடம் என்று தேடியதையும் சேர்த்து ஆறு நிமிடம். தட்டைத் தியேட்டருக்குள்ளேயே வைத்துவிட்டு நான்காவது முறை செய்தபோது ஒன்றரை நிமிடம் ஆனது.

அதனால் சிமுலேட்டரைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். பழகாமல் வருகிறவரிடம்தான் நான் பயப்படுவேன். சிமுலேட்டருக்குப் பிறகு விலங்கு அல்லது சடலத்தில் பயிற்சி, டேபிள் பக்கம் நின்று உதவுவது, பிறகு அனுபவசாலி ஒருவர் கூடவே இருக்க முதல் சில ஆபரேஷன்கள் என்றுதான் வழக்கமாக மேலே போவார்கள். அப்பாவின் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இதே ஆபரேஷனை ரோபோவில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? எத்தனை முறை பாதியில் திறந்து செய்ய வேண்டி வந்தது? (சில என்று சொன்னால் பதற வேண்டாம், திறக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம்.) டேபிள் பக்கம் நிற்கப்போவது யார், ரோபோவைக் கழற்றும் ஒத்திகையை அந்த டீம் கடைசியாக எப்போது செய்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால், என் அப்பாவாக இருந்தால் நான் தேதி வாங்கிவிடுவேன்.