நீங்கள் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோன ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 39. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் ஒன்றாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே, 2013-இல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறினேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மகன் பிறந்த சமயத்தில் அத்தை விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே என்று வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

என் குறையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டு, பையனைக் குளிப்பாட்டித் தலை சீவி, அத்தைக்குச் சுகர் மாத்திரை கொடுத்துச் சேலை கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறியை வேகவைத்து இறக்கிய பிறகுதான் நான் குளிக்கப் போக முடியும். அதற்குள் அவர்கள் எல்லோரும் காரில் கிளம்பிவிடுவார்கள். நான் ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது முதல் பாமாலைப் பாட்டு முடிந்திருக்கும். உள்ளே நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். போன மாதம் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "வீட்லதான இருக்க, நேரத்துக்குக் கிளம்ப என்ன?" என்று அத்தை நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அவர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு எல்லாம் நான்தான் செய்தேன். கொழுந்தனார் மனைவி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 24-ஆம் தேதி சாயங்காலம் ஒரு கேக் பெட்டியோடு வந்து இறங்கினாள். அத்தை தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் அந்தக் கேக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பொறாமைப்படவில்லை. ஆனாலும் இரண்டு நாள் அடுப்படியில் நின்றவளிடம் "நல்லா வந்திருக்கு" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆலயத்திலும் இதே கதைதான். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, காய் நறுக்க வேண்டுமென்றால் என் பெயர்தான் முதலில் வரும். "நீ வீட்லதானே இருக்க." பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்க மட்டும் வேலைக்குப் போகிற அக்காமார்களைக் கூப்பிடுவார்கள். காணிக்கை போடக்கூட நான் அவரிடம் கேட்டு வாங்கித்தான் போட வேண்டும். அவர் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறதே.

பெண்கள் ஞாயிறு அன்று எங்கள் போதகர் ஐயரவர்கள் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார்கள். குணசாலியான ஸ்திரீ. "அவள் பிள்ளைகள் எழும்பி, அவளைப் பாக்கியவதி என்கிறார்கள்" என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் அதையும் பார்க்கவில்லை.

ஒரே ஆறுதல் என் மகள்தான். மனசில் உள்ளதை எல்லாம் அவளிடம்தான் கொட்டுவேன். பாட்டி என்ன சொன்னார்கள், அப்பா எப்படிச் சும்மா நின்றார், எல்லாம் அவளுக்குத் தெரியும். தங்கமான பிள்ளை. தம்பி சத்தம் போட்டால், "அம்மாவுக்கு மனசு சரியில்ல, சும்மா இரு" என்று அவளே அடக்கிவிடுவாள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் தினமும், "இயேசப்பா, அம்மா அழாம இருக்கணும், அப்பாவும் அம்மாவும் நல்லாப் பேசிக்கணும்" என்று ஜெபிப்பாள். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்துவிடுவோம். இப்போது ஸ்கூலில் கொடைக்கானல் டூர் போகிறார்கள். நான் போகல, நீங்க தனியா இருப்பீங்க என்றுவிட்டாள். அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் மனசில் இருப்பதை நான் வாய்விட்டுச் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா? பல நாள் விடியற்காலம் 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். வேலைக்குப் போகலாம் என்றால் டெட் சான்றிதழுக்கு ஏழு வருஷம்தான் ஆயுள் என்றார்கள், அதுவும் எப்போதோ முடிந்துபோயிருக்கும். இன்னொரு பக்கம், தேவன் தந்த குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்படிப் புலம்புவது பாவமோ என்று பயமாக இருக்கிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலருக்கு என்ன தண்டனை வந்தது என்று சிறுவயதிலேயே படித்தவள் நான். நான் வேலைக்குப் போகட்டுமா, இல்லை இதுதான் தேவசித்தம் என்று இருந்துவிடட்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவர் சொத்து வாங்குகிறார், அதில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே காணிக்கைக்குக் கை நீட்டுவதாக நீங்கள் கூசும் அந்தப் பணத்தில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. "வீட்லதானே இருக்க" என்ற பேச்சு தவறு. உங்கள் கணவர் அன்று ஆலயத்துக்கு வெளியே வாய் திறந்திருக்க வேண்டும்.

இனி, நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டுப் போன இடத்துக்கு வருகிறேன். அதைக் கிடக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

கேக், அசனம், பாமாலை, எல்லாவற்றையும் ஒரு முறை படித்தேன். உங்கள் மகளைப் பற்றிய பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை தினமும் ராத்திரி, அம்மா அழாமல் இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கெஞ்சுகிறாள். தம்பியை அடக்குகிறாள். தோழிகளோடு கொடைக்கானல் போகும் ஆசையை விட்டுவிட்டு, அம்மாவுக்குக் காவல் இருக்கிறாள். நீங்கள் இதைத் தங்கமான குணம் என்கிறீர்கள். குணம் தங்கம்தான், மறுக்கவில்லை. எனக்கு அதில் பயம் தெரிகிறது. நான் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

யார் கண்ணுக்கும் நீங்கள் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, சகோதரி. ஒருத்தி உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, அவள் உங்களுக்கு என்ன செய்கிறாள் என்பது மட்டும்தான். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், யார் அவளுடைய உயிர்த்தோழி, எதற்குச் சிரிப்பாள், இதில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. பரீட்சைக்காகவும் புதுச் சைக்கிளுக்காகவும் ஜெபிக்க வேண்டிய வயதில், அவளுடைய ஜெபம் முழுக்க உங்கள் கண்ணீரிலேயே முடிந்துவிடுகிறது. உங்களைப் பாக்கியவதி என்று சொல்ல அவளுக்கு எப்போது நேரம் கிடைக்கும்?

கடுமையாகத் தோன்றினாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் அவளிடம் கொட்டுவதை நிறுத்துங்கள். இன்றைக்கே. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சின், பெற்றோர் தங்களுக்குள் தீர்க்க வேண்டியதற்குள் பிள்ளையை இழுத்துவிடுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்களில் சிலர் சிறுவயதில் வீட்டின் சுமைதாங்கியாக இருந்தவர்கள். முப்பது, நாற்பது வயதிலும் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் வருவதில்லை. அடுத்தவர் முகம் வாடியிருந்தால் அது தன் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பாவையும் நேசித்து, அப்பாவைக் குற்றவாளியாகவும் பார்க்க வேண்டிய நிலையில் ஒரு பிள்ளையை வைப்பது பெரிய பாரம்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கணவரும் அதே ஜெபத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறார். ஆக, நீங்கள் அழுவது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருவரும் பேச வேண்டியதைப் பிள்ளை கடவுளிடம் சொல்லிவிடுகிறாள், நீங்கள் இருவரும் சாப்பிட எழுந்துவிடுகிறீர்கள். பேசாமல் இருப்பதற்கு அந்த ஜெபம் உங்கள் இருவருக்கும் வசதியாகிவிட்டது. அவர் செய்வதும் தவறுதான். ஆனால் எனக்கு எழுதியது நீங்கள், ஆகவே உங்களிடம் சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் எந்த இடத்திலும் நீங்கள் அவரிடம் ஒரு குறையைச் சொன்னதாகவே இல்லை.

சொல்லாததற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முறுமுறுத்தால் பாவம். நான் போதகர் இல்லை. இருந்தாலும் நீங்கள் சொன்ன வனாந்தரக் கதையில் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒரு முறை படியுங்கள். ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிற அதே அதிகாரத்தில் அவர்களை வழிநடத்திய மோசேயும் தாங்க முடியாமல் பேசுகிறார். இவர்களைப் பெற்றது நானா, இந்தப் பாரத்தை நான் ஒருவனாக எப்படிச் சுமப்பேன், இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்று தேவனிடம் நேருக்கு நேர் கேட்கிறார். அவருக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. பாரத்தைப் பங்கு போட எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா என்ற பதில்தான் வருகிறது. அந்த எழுபது பேரும் மூப்பர்கள். கூடாரத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரும் அழைக்கவில்லை.

நீங்கள் பாவம் என்று பயந்து கணவரிடமும் சபையிலும் அடக்கிவைத்த வார்த்தைகள் எங்கும் போய்விடவில்லை. அவ்வளவும் உங்கள் மகளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சுமக்கத் தோள் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

அவரிடம் பேசும்போது கேக்கில் தொடங்காதீர்கள். அத்தையிலும் தொடங்காதீர்கள், அவர் உடனே தன் அம்மாவுக்காகப் பேச வந்துவிடுவார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, "நம்ம பொண்ணு தினமும் என்ன ஜெபிக்கிறான்னு கேட்டீங்கல்ல?" என்று தொடங்குங்கள். அதற்குமேல் உங்களுக்கே வார்த்தை வரும். முதல் பேச்சிலேயே எல்லாம் தீர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பையனையும் அத்தையையும் அவர் கிளப்பட்டும், எல்லோரும் ஒரே காரில் போவோம் என்ற ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் உங்கள் கணக்கில் ஒரு தொகை போடும் விஷயத்தை அடுத்த முறை பேசலாம். அத்தைக்குப் பதில் சொல்லும் வேலை அவருடையது, அதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

மகளிடம், இனிமேல் அப்படி ஜெபிக்காதே என்று சொல்லிவிடாதீர்கள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். அந்த வேண்டுதலை உங்கள் கணவர் தன் வாயால் சொல்லட்டும். பிறகு இருவருமாக அவளை உட்காரவைத்து, "அம்மாவுக்குக் கஷ்டம் இருக்கு, அதை அப்பாவும் அம்மாவும் பார்த்துக்குவோம், நீ பார்க்க வேண்டியதில்ல" என்று சொல்லுங்கள். ஒரே நாளில் நம்பமாட்டாள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதைப் பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நம்புவாள். டூருக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் என்றைக்கு என்று நாளைக்கே விசாரியுங்கள். அவள் மாட்டேன் என்றாலும் விடாதீர்கள். திரும்பி வந்ததும் அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

3 மணி விழிப்பையும் அழுகையையும் அலட்சியம் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே இருந்தால், பசியும் குறைந்திருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். மருந்து எடுப்பதற்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு சொல்லப்போவதில்லை. வீட்டில் யாரும் மதிக்கவில்லை என்ற கோபத்தில் எடுக்கிற வேலை ஆறு மாதத்தில் கசந்துவிடும். கணக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் என்று எடுக்கிற வேலை நிலைக்கும். உங்களுக்கு இதில் எது என்று கணவரோடு பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். அப்புறம், அந்த டெட் சான்றிதழ். 2021-லேயே மத்திய அரசு ஏழு வருஷக் கெடுவை எடுத்துவிட்டு, அதை ஆயுள் முழுக்கச் செல்லும்படி மாற்றிவிட்டது. 2011-இலிருந்து தேறிய எல்லோருக்கும் அது பொருந்தும். உங்கள் 2013 சான்றிதழ் காலாவதி ஆகவில்லை, பத்திரமாக எடுத்து வையுங்கள்.