பொசைடனும் ஏதெனாவும் – ஒரு வரப்புத் தகராறு (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக அமானுஷ்யக் காதல் தொடர் ஒன்று எழுதி வருகிறேன். கிரேக்கக் கடவுள்கள் இன்றைய ஏதென்ஸில் மனித உருவில் வாழ்கிறார்கள். கடல் கடவுள் பொசைடன் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் முதலாளி. அறிவுத் தெய்வம் ஏதெனா வழக்கறிஞர். இருவரும் ஜென்ம விரோதிகள். மூன்றாம் அத்தியாயத்தில் காதல் கடவுள் ஈராஸின் அம்பு தவறிப்போய் ஏதெனாமேல் படுகிறது, காதல் அங்கே தொடங்குகிறது. மொத்தம் நாற்பது அத்தியாயம் திட்டம், பதினெட்டு வெளிவந்துவிட்டது. முதலில் நல்ல வரவேற்பு. இப்போது ‘மறுபடியும் சண்டையா’, ‘இவங்க எதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கும் சாவே கிடையாது என்பதால், எவ்வளவு பெரிய அலையை எழுப்பினாலும் பதற்றம் வரமாட்டேன் என்கிறது. கன்னியாக இருப்பதாகச் சபதம் செய்தவள் காதலிக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. பகையை எப்படி நம்பவைப்பது? அதிலிருந்து காதலுக்கு எப்படி வருவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘எதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க’ என்று கேட்ட வாசகர் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். பதினெட்டு அத்தியாயத்திலும் அதற்கு விடை இல்லை. ‘யுகயுகமாகத் தொடரும் பகை’ என்று தொடக்கத்தில் ஒரு வரி, பிறகு ஏழு சண்டைகள். பழைய நூல்களிலோ விடை பளிச்சென்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கக்கூட வேண்டியதில்லை. நிலத் தகராறு. பங்காளிச் சண்டை.

ஹோமரின் இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில் பொசைடனே தன் வாயால் சொல்கிறான். சகோதரர் மூவரும் சீட்டுக் குலுக்கிப் பாகம் பிரித்தார்கள். வானம் ஜீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, பாதாளம் ஹேடிஸுக்கு. தரையும் ஒலிம்பஸும் மூவருக்கும் பொது. பாகப்பிரிவினையில் ஒரு துண்டைப் பொதுவில் விட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? பொசைடன் ஊர் ஊராக வழக்குப் போடுகிறான். ஆர்கோஸில் ஜீயஸின் மனைவி ஹெராவோடு மோதித் தோற்றான், தீர்ப்புச் சொன்ன நதிகளையே வற்றடித்தான். கொரிந்தில் சூரியன் ஹீலியோஸோடு வழக்கு. மத்தியஸ்தம் செய்த நூறு கை பூதம் பிரையேரியஸ் குன்றைச் சூரியனுக்கும் பூசந்தியைப் பொசைடனுக்கும் பிரித்துக் கொடுத்தான். ட்ரோயிசனில் எதிராளி ஏதெனா. இருவரும் சேர்ந்தே வைத்துக்கொள்ளுங்கள் என்றான் ஜீயஸ். அந்த ஊரின் பழைய காசுகளில் திரிசூலமும் ஏதெனாவின் முகமும் இருந்தன என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசேனியஸ் எழுதியிருக்கிறார். கூட்டுப் பட்டா!

ஏதென்ஸ் வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஊருக்கு நடுவில் உள்ள அக்ரோபொலிஸ் பாறையில் அவன் திரிசூலத்தைக் குத்த உப்புநீர் வந்தது, அவள் ஒரு ஆலிவ் மரத்தை நட்டாள், ஊர் அவளுக்குப் போனது. உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. ஆத்திரத்தில் அவன் த்ரியாசியச் சமவெளியைக் கடல்நீரால் மூழ்கடித்தான். ரோமானிய அறிஞர் வர்ரோ சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் எடுத்துக்காட்டும் வடிவம் இன்னும் கொடுமையானது. அதில் ஊர் மக்களே வாக்களிக்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் பொசைடன் பக்கம், பெண்கள் எல்லாரும் ஏதெனா பக்கம். பெண்கள் ஒருத்தி கூடுதல். வென்றது ஏதெனா. பொசைடனின் கோபத்தைத் தணிக்க அந்தப் பெண்களுக்கு மூன்று தண்டனை: இனி வாக்குரிமை இல்லை, பிள்ளைகளுக்குத் தாயின் பெயர் இல்லை, அந்தப் பெண்களை ‘ஏதெனியர்’ என்று யாரும் அழைக்கக் கூடாது. வழக்காடியது இரண்டு கடவுள்கள், அபராதம் கட்டியது அவளுக்கு வாக்களித்த பெண்கள்.

சாகாவரத்தால் பதற்றம் வரவில்லை என்கிறீர்களே, வழி இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஏழு சண்டையிலும் அடிபடுவது கடவுள்கள் மட்டும். அடுத்த அத்தியாயத்தில் இருவரும் கசங்காத உடையில் காபி குடிக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். என்ன பொருளுக்காகச் சண்டை, முடிவில் அது யார் கைக்குப் போனது, எந்த மனிதர் அதற்கு விலை கொடுத்தார், அந்தச் சேதம் எந்த அத்தியாயத்தில் மறுபடி கண்ணில் படுகிறது. ஏழையும் இதில் நிரப்பிப் பாருங்கள். நான் பார்த்தவரை மூன்றாம் பத்தி நிரம்புவது இரண்டுக்குத்தான்: துறைமுகக் கூலியாட்கள் வேலை இழக்கும் ஆறாம் அத்தியாயம், கிணறுகள் உப்பாகும் பதினொன்று. மற்ற ஐந்தையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். நாற்பது அத்தியாயத்துக்கு மூன்று பெரிய சண்டை தாராளம்.

இருவரும் நேருக்கு நேர் மோதுவதையும் நிறுத்துங்கள். யூரிப்பிடீஸின் ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்தில் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் ஒரு வழக்கத்தைச் சொல்கிறாள்: ஒரு கடவுள் விரும்பிச் செய்வதில் இன்னொரு கடவுள் குறுக்கே வருவதில்லை, ஒதுங்கி நிற்பதுதான் முறை. தன் பக்தனின் சாவை அவளும் தடுக்கவில்லை. இந்த விதியை உங்கள் கதைக்குள் கொண்டுவந்தால் பழிவாங்கல் முழுக்க மனிதர்கள் வழியாகத்தான் நடக்க முடியும், அலையும் மின்னலும் தாமாகக் குறையும்.

கடவுளுக்கே நேரடியாக ஆபத்து வேண்டுமானால் பாதாளத்தில் ஓடும் ஸ்டைக்ஸ் நதியின் மேல் செய்த சத்தியம் இருக்கிறது. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹீசியட் அதன் தண்டனையைக் கணக்காகவே சொல்கிறார். அந்த நீரை ஊற்றிப் பொய்ச்சத்தியம் செய்தவர் ஓராண்டு மூச்சும் பேச்சும் இல்லாமல் படுக்கையில் கிடப்பார், அமுதம் கிட்டே வராது. பிறகு ஒன்பது ஆண்டு சபையும் இல்லை, விருந்தும் இல்லை. பத்தாம் ஆண்டில்தான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். சாகாதவளுக்குப் பத்தாண்டு ஒரு கணம்தான். அவளை நம்பி வழக்கை ஒப்படைத்திருக்கும் அறுபது வயதுக் கிழவிக்கு? உங்கள் பதினான்காம் அத்தியாயத்தில் பொசைடன் போகிறபோக்கில் ‘ஸ்டைக்ஸ் மேல் ஆணை’ என்கிறான். அதை அப்படி வீணாக்காதீர்கள். முழுத் தொடரிலும் ஒரே ஒரு சத்தியம் போதும், அதைச் செய்கிறவள் ஏதெனாவாக இருக்கட்டும்.

இனி காதல். அதற்கான இடத்தைக் கிரேக்கர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். அக்ரோபொலிஸின் வடக்கு ஓரத்தில் எரெக்தியோன் கோயில். வழக்கில் வென்றவள், தோற்றவன் இருவருக்கும் வழிபாடு அந்த ஒரே வளாகத்தில். வடக்கு முகமண்டபத்தில் தரையைத் திறந்தே விட்டிருக்கிறார்கள், பாறையில் இருக்கும் பிளவுகளைத் திரிசூலம் பட்ட தழும்பென்று காட்டுவார்கள். அதற்கு நேர்மேலே கூரையிலும் ஒரு திறப்பு. உள்ளே இருந்த கடல்நீர்க் கிணற்றைப் பற்றி பௌசேனியஸ் ஒரு குறிப்புத் தருகிறார். தெற்குக் காற்று அடிக்கும்போது அந்தக் கிணற்றுக்குள் அலையோசை கேட்குமாம்.

உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ‘அவள் கண்களில் கடல் தெரிந்தது, அவன் கண்களில் ஆலிவ் தோப்பு அசைந்தது’ என்றொரு வரி வருகிறது. அதை அடித்துவிட்டு இந்தக் கிணற்றை வையுங்கள். அவன் கப்பலோடு தொலைவில் எங்கோ இருக்கிறான். அவள் தினமும் அதே வளாகத்தில்தான் இருந்தாக வேண்டும், இடம் அவளுடையது. தெற்குக் காற்றில் ஓசை எழும்போது எரிச்சலோடு மூடியை இழுத்துப் போடுகிறாள். இது இரண்டு முறை நடக்கட்டும். மூன்றாம் முறை காற்றே இல்லாத நாளில் ஓசை கேட்கிறது. அவள் மூடியைத் தொடவில்லை. அவ்வளவு போதும், அந்த அத்தியாயத்தில் அவளுக்கு வசனமே வேண்டாம்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இன்னும் இரண்டு சரக்கு தருகிறார். அந்தக் கோயிலுக்குள் லேத்தே என்னும் மறதிக்கு ஒரு பலிபீடம் இருந்தது. அடுத்தது, வழக்கு நடந்த நாளான போய்த்ரோமியோன் மாதத்தின் இரண்டாம் தேதியை ஏதெனியர் தங்கள் நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கணக்கில் இல்லாத நாள்! அமானுஷ்யக் காதல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? இருவரும் எதிரிகளாக இருந்தே தீரவேண்டிய கடமை அந்த ஒரு நாள் மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. உங்களுக்குச் சந்திப்பு என்றாலே பௌர்ணமி. ஏதென்ஸின் மாதம் பிறை தெரிவதில் தொடங்கும், நாள் சூரியன் மறைவதில் தொடங்கும். ஆகவே இரண்டாம் தேதி மாலையில் மேற்கே நம் மூன்றாம் பிறை போல மெலிந்த கீற்றுதான் இருக்கும், அதுவும் சீக்கிரம் மறைந்துவிடும். அந்த நாள் ஆகஸ்ட் பிற்பகுதிக்கும் செப்டம்பர் பிற்பகுதிக்கும் இடையே எங்காவது வரும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். இருட்டிலேயே சந்திக்கட்டும்.

அம்பை எடுத்துவிடுங்கள். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிக்கான ஹோமரியத் துதி தெளிவாகவே சொல்கிறது: அஃப்ரோடைட்டியால் வசப்படுத்தவோ ஏமாற்றவோ முடியாத உள்ளங்கள் மூன்று. ஏதெனா, ஆர்ட்டெமிஸ், அடுப்பின் தெய்வம் ஹெஸ்டியா. ஏதெனாமேல் காதல் அம்பு வேலை செய்யாது, விஷயம் தெரிந்த வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் உங்களுக்கு இது நல்ல செய்தி. மயக்கத்தில் வராத காதல் என்றால் அவள் யோசித்துத்தான் அதற்கு வரவேண்டும், யோசனை அவளுடைய துறை. உங்கள் வாசகி கேட்ட சபதமும் அந்தத் துதியில் ஹெஸ்டியாவுடையது. ஜீயஸின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தவள் அவள். அதற்கு முன் அவளைப் பெண் கேட்ட இருவரில் ஒருவன் அப்பல்லோ, இன்னொருவன் யார் தெரியுமா? பொசைடன்! ஒரு கன்னித்தெய்வத்திடம் ஏற்கெனவே ‘மாட்டேன்’ வாங்கியவன். உங்கள் நாயகனின் முன்கதையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். ஏதெனா கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் இருப்பதே சரி என்பது என் கட்சி. முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திருமணம் என்று உங்கள் திட்டத்தில் பார்த்தேன். அது நடந்தால் அவள் ஏதெனா இல்லை.

தமிழில் எழுதுவதால் உறவுமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அவன் அவளுடைய தந்தையின் உடன்பிறந்தவன். ஹீசியட் கணக்கில் ஜீயஸ் கடைக்குட்டி, அப்படியானால் பெரியப்பா. ஹோமர் கணக்கில் ஜீயஸ் மூத்தவன், அப்படியானால் சித்தப்பா. (ஹேடிஸ்–பெர்செபோனி ஜோடியை எடுத்திருந்தால் தாய்மாமன் என்று சமாளித்திருக்கலாம், பெர்செபோனியின் தாய் டிமீட்டர் ஹேடிஸுக்கு உடன்பிறந்தவள்.) மறைத்துப் பயனில்லை, யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஹோமரின் ஒடிசியில் ஏதெனா ஒடிசியஸுக்கு வெளிப்படையாக உதவாததற்குக் காரணமே ‘தந்தையின் சகோதரன்’ மேல் அவள் வைத்திருக்கும் மரியாதைதான். பகைக்கும் அங்கே ஒரு முறை இருக்கிறது. பழைய ஏதென்ஸின் சட்டத்திலோ, உடன்பிறந்தான் இல்லாத பெண்ணின் தந்தை இறந்தால், சொத்து குடும்பத்தை விட்டுப் போகாமலிருக்க அவளை மணக்க முதல் உரிமை தந்தையின் சகோதரனுக்கு. வழக்கறிஞரான உங்கள் ஏதெனா இந்தச் சட்டத்தைக் கேலியாக ஒருமுறை அவனிடம் எடுத்துப் போடட்டும், நிலத் தகராறோடும் அது ஒட்டிக்கொள்ளும். அதோடு விட்டுவிடுங்கள்.

பாம்புக் கூந்தல் மெடூசாவைத் தொடும் பத்தாம் அத்தியாயத்தில் ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் வடிவத்தை எடுத்திருக்கிறீர்கள். ஏதெனாவின் கோயிலுக்குள் பொசைடன் அவளைக் கெடுக்கிறான், தண்டனை அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு அவனை நாயகனாக்க முடியாது, இரண்டு பக்க மன்னிப்பு வசனத்தில் கழுவிவிடவும் முடியாது. பல நூற்றாண்டு முந்தைய ஹீசியட்டில் அந்தக் கூடல் வசந்தப் பூக்கள் விரிந்த மென்மையான புல்வெளியில் நடக்கிறது, கோயில் இல்லை, ஏதெனாவின் சாபமும் இல்லை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டையும் கலந்து வைத்திருக்கிறீர்கள்.

பகையிலிருந்து காதலுக்கு வரும் வழியில் முதல் படி கூட்டு வேலை. ஹோமர் சொல்லும் ட்ராய் போரில் இருவரும் ஒரே கட்சி என்பதை மறக்கக் கூடாது. இலியட் 21ஆம் காண்டத்தில் ஸ்கமாண்டர் நதி கிரேக்க வீரன் அக்கிலிஸை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. பொசைடனும் ஏதெனாவும் மனித உருவில் வந்து அவன் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் தைரியம் சொல்கிறார்கள். முதல் தொடுகைக்கு இதையே மாதிரியாக எடுங்கள். மூழ்கப்போகும் ஒரு மனிதன், அவனுடைய ஒரு கை இவளிடம், மறு கை அவனிடம். ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. எட்டாம் அத்தியாயத்துக்குள் இது வந்துவிட வேண்டும், உங்களிடம் பதினேழில்தான் முதன்முதலாகச் சேர்ந்து ஏதாவது செய்கிறார்கள். சமாதானப் பேச்சுக்கு, கி.மு. 415இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் ‘ட்ராய்ப் பெண்கள்’ நாடகத்தின் முதல் காட்சியைப் படியுங்கள். எரியும் ட்ராயை விட்டுப் புறப்படும் பொசைடனிடம் ஏதெனா வருகிறாள், பழைய பகையை விட்டுப் பேசலாமா என்று கேட்கிறாள். தன் கோயிலுக்குள்ளிருந்து ட்ராய் இளவரசி கஸாண்ட்ராவை அயாக்ஸ் இழுத்துச் சென்றும் அவனைத் தட்டிக் கேட்காத கிரேக்கர்களின் கப்பல்களை அவன் கடலில் உடைக்க வேண்டும், அதுதான் அவள் கோரிக்கை. உனக்கு நேற்றுவரை வேண்டியவர்கள்தானே என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்கிறான். மன்னிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ய அவனால்தான் முடியும்.

வெளிவந்த அத்தியாயங்களை இப்படித் திருத்திப் போட்டு, முன்குறிப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அப்படியே ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு இடத்தில் ஏதெனா ‘மினர்வா’ ஆகியிருக்கிறாள், ஒன்பதில் பொசைடன் ‘நெப்டியூன்’ ஆகியிருக்கிறான். அவை ரோமானியப் பெயர்கள், மாற்றிவிடுங்கள்.

அன்புடன்